டக்கார் ஓட்டத்தில ஒற்றைச் சிலிண்டர் ஏன் திரும்பி வந்தது? எங்கட கிரவல் றோட்டுக்கு அதில எதை எடுக்கலாம்?

பரந்தன்_சந்தி

அண்ணைமார் அக்காமாருக்கு வணக்கம்.

எங்கட கழகம் மாரி மழை விட்டாப்பிறகு உள்வீதிகளால ஒரு நாள் மோட்டார் சைக்கிள் ஓட்டம் ஒழுங்குபடுத்துது. வேகப் போட்டி இல்லை. குறிச்ச பாதையால குறிச்ச நேரத்துக்கு வந்து சேரவேணும், அவ்வளவுதான். அண்டைக்குப் பெடியள் வாசிக்கிற மாதிரி டக்கார் ஓட்டத்தின்ர (பாலைவனத்துக்குள்ளால நாள்க்கணக்கா ஓடுற பெரிய மோட்டார்ப் போட்டி) வரலாற்றை ஒரு பலகையில எழுதி வைக்கவேணும்.

1979 இல முதல் வெண்டது யமஹா எக்ஸ்ரி 500, ஒற்றைச் சிலிண்டர். பிறகு கனகாலம் பீஎம்டபிள்யூ, ஹொண்டா, யமஹா எண்டு எல்லாம் இரட்டைச் சிலிண்டர். இப்ப திரும்பவும் எல்லாரும் ஒற்றைச் சிலிண்டர் 450 சிசி. "2011 இல 450 சிசிக்கு மேல கூடாது எண்ட சட்டம் வந்தது, அதால மாறிச்சுது" எண்டு ஒரு வரியில எழுதினாக் காணுமோ?

ரண்டாவது, ஜிபிஎஸ் இல்லாத காலத்தில பாதை எப்பிடிப் பிடிச்சவை? வண்டியில வைச்சுப் பார்க்கிற வழிக்குறிப்புக் கடதாசிச் சுருளை நாங்களும் செய்யலாமோ?

மூண்டாவது, வாற வண்டியள் கூடுதலா 100, 150 சிசி. பஜாஜ், ஹீரோ, ரிவிஎஸ். ஒண்டு ரண்டு பழைய ஹொண்டா சிடி 200 உம் வரும். புழுதிக்கு என்ன ஆயத்தம் செய்யவேணும்?

---

முறிகண்டி_வளைவு

தம்பி, அந்த வரியைப் பலகையில போடாதேங்கோ, பிழை. சட்டத்துக்குப் பன்னிரண்டு வருசத்துக்கு முன்னமே ஒற்றைச் சிலிண்டர் திரும்பி வந்திட்டுது. 1999, 2000 ரண்டு தரமும் றிச்சார்ட் சேன் வெண்டது பீஎம்டபிள்யூ எஃப் 650 ஆர்ஆர் வண்டியில, அது ஒற்றைச் சிலிண்டர். 2001 இல ஃபப்ரீசியோ மெயோனி கேரிஎம் 660 இல வெண்டார், அதுவும் ஒற்றைச் சிலிண்டர். 2002 இல மட்டும் அதே மெயோனி கேரிஎம் 950 இரட்டைச் சிலிண்டரில வெண்டார். 2003 இல இருந்து திரும்ப ஒற்றைதான். 2011 சட்டம் செய்தது அளவை 450 ஆகக் குறைச்சது மட்டும்.

தொடக்கத்தில இருந்து சொன்னால்தான் காரணம் விளங்கும். 1977 ஜனவரியில அபிஜான்–நீஸ் ஓட்டத்தில தியரி சபீன் எண்ட பிரெஞ்சுக்காரர் எக்ஸ்ரி 500 இல ஓடேக்க ரெனெரே பாலைவனத்தில வழி தவறிப் போனார். தப்பி வந்த பிறகு அந்தப் பாலைவனத்துக்குள்ளால மற்றவையையும் கூட்டிக்கொண்டு போகவேணும் எண்டு நினைச்சுத்தான் பாரிஸ்–டக்கார் ஓட்டத்தைத் தொடங்கினார். 1978 டிசம்பர் 26 ஆம் திகதி பாரிஸ் ட்ரொக்கடேரோவில இருந்து 182 வாகனங்கள் வெளிக்கிட்டன. செனகல் நாட்டு டக்கார் நகரம் போய்ச் சேர்ந்தது 74. அந்த முதல் வருசம் கார், லொறி, மோட்டார் சைக்கிள் எல்லாத்துக்கும் ஒரே நிரல். அதில முதலாவதா வந்தது சிரில் நெவூவின்ர எக்ஸ்ரி 500. ஒரு மோட்டார் சைக்கிள் காரையும் லொறியையும் பின்னுக்கு விட்டிருக்கு எண்டதைப் பலகையில பெரிசா எழுதுங்கோ.

அந்த வண்டியில பழுதாகிறதுக்கு அதிகம் ஒண்டும் இல்லை. 499 சிசி, காத்தில குளிருற எஞ்சின், ஒரு காபரேற்றர், ஒரு பிளக். றேடியேற்றர் இல்லை, தண்ணிப் பம்ப் இல்லை. ஓயிலை சேஸ் குழாய்க்குள்ளயே வைச்சிருந்தவை. ஸ்டார்ட் பண்ணத்தான் பழக்கம் வேணும். சிலிண்டர் தலையில சின்னக் கண்ணாடி யன்னல் ஒண்டு இருக்கு. அமுக்கம் விடுற லீவரைப் பிடிச்சுக்கொண்டு, அந்த யன்னலில வெள்ளிக் குறி தெரியுமட்டும் கிக்கை மெதுவா அழுத்தவேணும். குறி வந்ததும் லீவரை விட்டு, கிக்கை மேல எடுத்து, அக்சிலேற்றரைத் தொடாமல் ஒரே உதை. குறி வராமல் உதைச்சால் கிக் திருப்பி அடிக்கும். கணுக்கால் போன ஆக்கள் இருக்கினம். அமுக்க விகிதமும் ஒன்பதுக்கு ஒண்டுதான், அதால வழியில கிடைச்ச மட்டமான பெற்றோலையும் தாங்கிச்சுது. போர்க்காலப் பொருளாதாரத் தடையில மண்ணெண்ணெயில எஞ்சின் ஓடினதைக் கண்ட ஊருக்கு இதை விரிச்சுச் சொல்லத் தேவையில்லை. அமுக்கம் கூடின எஞ்சினுக்குக் கூடாத எண்ணெய் ஊத்தினால் முதல் தட்டும், பிறகு பிஸ்டன் தலையில ஓட்டை விழும்.

இரட்டைச் சிலிண்டர் வந்தது வேகத்துக்காக. ரெனெரே மாதிரி இடத்தில மணித்தியாலக் கணக்கா நேரா, முழு அக்சிலேற்றரில ஓடவேணும். அங்க 500 ஒற்றைக்கு மூச்சு முட்டும். 1981 இலயும் 1983 இலயும் ஹூபேர் ஓரியோல் பீஎம்டபிள்யூவில வெண்டார், 1984, 1985 இல கஸ்ரோன் றாயே. அந்த பீஎம்டபிள்யூவுக்குச் செயின் இல்லை, சாஃப்ற். மணலில செயின் கரையிற தலையிடி அதோட போச்சு. இடையில 1982 இல நெவூ ஹொண்டா 550 ஒற்றையில வெண்டதுதான், ஆனா 1983 இல இருந்து 1998 வரை பதினாறு ஓட்டம், பதினாறும் இரட்டைச் சிலிண்டர். ஹொண்டா இதுக்கெண்டே என்எக்ஸ்ஆர் 750 எண்டு ஒரு வண்டி செய்து 1986 இல இருந்து 1989 வரை நாலு வருசம் தொடர்ந்து வெண்டது. ஆபிரிக்கா ட்வின் எண்டு கடைக்கு வந்தது அதின்ர பிள்ளைதான். பிறகு யமஹா இரட்டையில ஸ்ரெஃபான் பீற்றர்ஹான்செல் ஆறு தரம்.

என்ர கணிப்பில அந்த வண்டியளைத் தோற்கடிச்சது பாரம்தான். என்எக்ஸ்ஆர் ராங்குக்குள்ள 50 லீற்றருக்கு மேல பிடிக்கும். பெற்றோல் லீற்றருக்கு முக்கால் கிலோ எண்டு பார்த்தால் 37 கிலோவுக்கு மேல, அதுவும் முன்பக்கமா, உயரத்தில. மணலில அந்தப் பாரம் முன் சில்லைப் புதைக்கும். விழுந்தால் தூக்கிறதுக்குள்ளேயே ஆளுக்குச் சத்துப் போயிடும். நேர்வெளி ஓட்டத்தில இதெல்லாம் பெரிசாத் தெரியாது. பாதை நுணுக்கமாகி, மணல்மேடும் வழிதேடலும் கூடக் கூட, பாரம் குறைஞ்ச வண்டி முன்னுக்கு வந்திட்டுது. யமஹாத் தொழிற்சாலை அணி 1998 ஓட விலகினதும் கதவைத் திறந்து விட்டது.

பலகைக்கு இன்னும் சில திகதி: சபீன் 1986 ஜனவரி 14 மாலியில ஹெலிகொப்ரர் விபத்தில இறந்தார். 2008 ஓட்டம் மொரித்தேனியாப் பாதுகாப்புப் பிரச்சினையால வெளிக்கிட முதல் நாள் நிறுத்தப்பட்டது. 2009 இல இருந்து தென்னமெரிக்கா, 2020 இல இருந்து சவூதி அரேபியா. பேர் மட்டும் மாறேல்ல.

---

ஏ35_ஓரம்

முறிகண்டி அண்ணை சொன்னதோட ஒரு சின்னச் சேர்க்கை. 450 சட்டம் ஒற்றையைக் கொண்டுவரேல்ல எண்டது சரி, ஆனா எஞ்சினைப் பாவிக்கிற விதத்தை மாத்தினது. 660 எஞ்சினைச் சும்மா ஓடவிட்டே முழு ஓட்டத்தையும் முடிக்கலாம். 450 ஐ அதே வேகத்தில வைச்சிருக்க எந்நேரமும் மேல் சுத்தில பிடிக்கவேணும், அதால தேய்மானம் கூட. எஞ்சின் மாத்தினால் நேரத் தண்டனையும் இருக்கு. முன்னணி ஓட்டக்காரருக்கு முதல் தரம் 15 நிமிசம். 15 நிமிசம் எண்டது சின்ன விசயமில்லை. 2023 இல கெவின் பெனாவிடெஸ் முழு ஓட்டத்தையும் வெண்டது 43 வினாடி வித்தியாசத்தில.

கேரிஎம் 2001 இல இருந்து 2019 வரை 18 ஓட்டம் தொடர்ந்து வெண்டது. 2020 இல ஹொண்டாவில றிக்கி பிராபெக் அதை முறிச்சார். பெடியளுக்கு இன்னொண்டும் எழுதுங்கோ: 2015 இல சி. எஸ். சந்தோஷ் டக்காரை ஓடி முடிச்ச முதல் இந்தியர், 36 ஆம் இடம். 2024 இல ஹரித் நோவா ஷேர்கோ ரிவிஎஸ் அணியில ராலி 2 பிரிவை (முன்னணிப் பிரிவுக்கு அடுத்தது) வெண்டு, மொத்தத்தில 11 ஆவதா வந்தார். அதே வருசம் ஹீரோ அணியின்ர றொஸ் பிரான்ச் மொத்தத்தில ரண்டாம் இடம். எங்கட றோட்டில நிக்கிற வண்டியின்ர கொம்பனிப் பேர் அங்கயும் நிக்குது.

---

மாங்குளம்_கராச்

மூண்டாவது கேள்விக்கு வாறன். கிரவல் புழுதி மணலை விட மோசம். மணல் பருக்கை பெரிசு, பில்ரரில நிண்டிடும். செம்மண் புழுதி மாவு மாதிரி, ஓயிலோட சேர்ந்தால் வால்வு அரைக்கிற பசைதான்.

எயார் பில்ரர்: முதல் உங்கட வண்டியில எந்த வகை எண்டு கழட்டிப் பாருங்கோ. மூண்டு வகை இருக்கு, மூண்டுக்கும் வேற வேற வேலை.

ஸ்பொஞ்ச் எண்டால் மண்ணெண்ணெயில கழுவுங்கோ. பெற்றோல் வேண்டாம், ஒட்டின இடம் விட்டிடும். முறுக்கிப் பிழியாமல் உள்ளங்கையால அமத்தி எடுங்கோ. பிறகு சோப்புத் தண்ணி, பிறகு நிழலில காயவிடுங்கோ. முழுசாக் காய்ஞ்சாப்பிறகு 80/90 கியர் ஓயில் விட்டு எல்லா இடமும் ஊறப் பிசைஞ்சு, மிச்சத்தைப் பிழிஞ்சு விடுங்கோ. கையில ஒட்டவேணும், வடியக்கூடாது. வடிஞ்சால் காத்து அடைபட்டுக் கரும்புகை வரும், இழுவை போயிடும். ஓயில் போடாத ஸ்பொஞ்ச் புழுதியைப் பிடிக்காது, வடிகட்டி இல்லாத மாதிரித்தான்.

காய்ஞ்ச கடதாசிப் பில்ரரைக் கழுவ ஏலாது. உள்பக்கம் இருந்து வெளிய, குறைஞ்ச காத்தில, கொஞ்சம் தள்ளிப் பிடிச்சு ஊதலாம். வெளியில இருந்து உள்ளுக்கு ஊதினால் தூள் கடதாசிக்குள்ள இறங்கும்.

எண்ணெய் ஊறின கடதாசி வருது, தொட்டால் பிசுபிசுக்கும். அதைக் கழுவவும் கூடாது, ஊதவும் கூடாது. மாத்தத்தான் வேணும்.

மூண்டுக்கும் பொதுவா: பில்ரர் பெட்டியில இருக்கிற விளிம்பில மெல்லிசா கிறீஸ் பூசுங்கோ. பெட்டிக்கும் காபரேற்றருக்கும் நடுவில இருக்கிற ரப்பர்க் குழாயை மடிச்சுப் பாருங்கோ, வெடிப்பு இருந்தால் மடிக்கேக்கதான் தெரியும். ஓட்டத்துக்கு முதல் கிழமை 50 கிமீ கிரவலில ஓடிப்போட்டு, பில்ரரைக் கழட்டி, வெள்ளைத் துணியை விரலில சுத்தி அந்தக் குழாயின்ர உள்பக்கத்தைத் துடையுங்கோ. துணியில செம்மை இருந்தால் எங்கயோ ஓட்டை. அதோட ஓடினால் றிங் தேய்ஞ்சு நீலப்புகை வரும். அதுக்குப் பிறகு எஞ்சினைப் பிரிக்கிறதைத் தவிர வழியில்லை.

செயின்: திறந்த செயினுக்கு கிறீஸ் பூசாதேங்கோ, மண்ணைப் பிடிச்சு வைச்சுப் பல்லை அராவும். கியர் ஓயிலைச் சூடான செயினில உள்பக்கமா விட்டு, பத்து நிமிசத்தால வெளிப்பக்கத்தைத் துணியால நல்லாத் துடைச்சு எடுங்கோ. தளர்வு பார்க்கேக்க சில்லைச் சுத்தி எங்க இறுக்கமோ அந்த இடத்தில பாருங்கோ. சின்ன வண்டியளுக்கு 25 இல இருந்து 35 மிமீ வரை மேலும் கீழும் ஆடலாம். இறுக்கி வைச்சால் குழியில பின் சில்லு மேல எழும்பேக்க செயின் இழுபட்டு, கியர்ப்பெட்டி பெயாரிங்கைத்தான் தின்னும். இணைக்கிற கிளிப்பின்ர மூடின பக்கம் செயின் ஓடுற திசையைப் பார்க்கவேணும். மாறிப் போட்டால் ஒரு பத்தை தட்டினாலே கழரும். ஒரு உதிரிக் கிளிப் கட்டாயம் பொக்கற்றில இருக்கட்டும்.

சிடி 200 வச்சிருக்கிறவை அந்த முழுச் செயின் கவரைக் கழட்டிப்போட்டு வரவேண்டாம். வடிவில்லை எண்டு கழட்டுகினம், ஆனா புழுதிக்கு அதைவிடத் திறமான சாமான் இல்லை.

ரயர்: கல்லுக் கிரவலில ரியூப் ரயருக்கு 24, 25 பிஎஸ்ஐ. மணல் பகுதி வந்தால் 18, 20 வரை இறக்கலாம், அதுக்குக் கீழ போகாதேங்கோ. காத்துக் குறைஞ்சால் ரயர் றிம்மில வழுக்கிச் சுத்தும், ரியூப்பையும் இழுக்கும், வால்வு அடியோட கிழியும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. வால்வில வாற நட்டை றிம்மோட இறுக்காமல், மேல மூடியோட சேர்த்து வையுங்கோ. ரயர் வழுக்கினால் வால்வு சரிஞ்சு நிக்கும். நிக்கிற ஒவ்வொரு இடத்திலயும் ஒரு பார்வை போதும். சரிஞ்சிருந்தால் காத்தை விட்டு, ரயரைத் திருப்பி நேராக்கிப்போட்டு அடியுங்கோ. நட்டை றிம்மில இறுக்கி வைச்சிருந்தால் சரிவும் தெரியாது, கிழிவும் கெதியா வரும்.

கம்பிச் சில்லுக்காரர் ஒவ்வொரு கம்பியையும் ஸ்பானரால தட்டிப் பாருங்கோ. கிண் எண்டு கேட்டால் சரி. டப் எண்டு கேட்டால் தளர்வு. அரைச் சுத்துக்கு மேல ஒரே தரத்தில இறுக்காதேங்கோ, சில்லு ஒருபக்கம் இழுபடும்.

---

பரந்தன்_சந்தி

அண்ணை, வால்வு நட்டு விசயம் பெரிய உதவி. எங்கட பெடியள் எல்லாரும் இறுக்கித்தான் வச்சிருக்கினம். டக்காரில ரியூப் இல்லாமல் உள்ளுக்கு ரப்பர் நுரை வைக்கினமே, மூஸ் எண்டு. அதை வாங்கிப் போட்டால் பஞ்சரே வராது எண்டு ஒரு தம்பி சொல்லுறான். பெற்றோலுக்கும் ஒரு கணக்குச் சொல்லுங்கோ.

---

மாங்குளம்_கராச்

மூஸ் வேண்டாம். பஞ்சர் வராது எண்டது உண்மை, முள்ளும் ஆணியும் அதுக்கு ஒண்டும் செய்யாது. ஆனா தார் றோட்டில தொடர்ந்து வேகமா ஓடினால் சூடேறி உள்ளுக்குள்ளயே தூளாகும். எங்கட ஓட்டத்தில ஏ9 தார் றோட்டுத் துண்டும் வரும் எண்டு நினைக்கிறன். உள்ளுக்கு ஜெல் பூசித்தான் ஏத்தவேணும், ரண்டு பேர் இல்லாமல் ஏத்திறது கஷ்டம். காத்து அளவை மாத்தவும் ஏலாது. டக்கார்க்காரருக்கு ஒவ்வொரு இரவும் சில்லு மாத்த ஆள் இருக்கு. ஆள் உதவி இல்லாத பிரிவில ஓடுறவை ஒரு பெட்டி, உதிரிச் சில்லு, ரயர், கூடாரத்தோட எல்லாத்தையும் தாங்களே செய்யினம். அவை படுக்கிறதே நடுச்சாமத்தில.

நீங்கள் ஒரு ரியூப், ரண்டு லீவர், ஒட்டுச் சாமான், கைப்பம்ப் கொண்டு போங்கோ. முன் பின் ரண்டும் ஒரே 18 அங்குல விட்டமெண்டால் முன் ரியூப் ஒண்டு காணும். அவசரத்துக்குப் பின்னுக்கும் போகும்.

பெற்றோல்: 450 ராலி வண்டியில ஏறக்குறைய 33 லீற்றர் பிடிக்கும், முன்னுக்கும் பின்னுக்குமாப் பிரிச்சு வைச்சிருப்பினம். பழைய இரட்டைச் சிலிண்டர்க் காலத்துப் பாரப் பிழையைத் திருத்தினது இதிலதான். உங்களுக்கு அந்தக் கணக்கு வேண்டாம். உங்கட வண்டி தார் றோட்டில லீற்றருக்கு 50 கிமீ ஓடினால், கிரவலில மூண்டாம் கியரில 35 எண்டு வையுங்கோ. பாதை முழுக்க அதால பிரிச்சு, வந்ததோட மூண்டில ஒரு பங்கு கூட்டி ராங்கில இருக்கவேணும். தண்ணிப் போத்திலில பெற்றோல் கட்டிக்கொண்டு வாறவையை வெளிக்கிட விடாதேங்கோ.

ராங்க் மூடியில காத்துப் போற ஒரு சின்ன ஓட்டை இருக்கு. புழுதியில அது அடைபடும். வண்டி நல்லா ஓடி, பத்துப் பதினைஞ்சு கிமீக்குப் பிறகு பெற்றோல் முடிஞ்ச மாதிரி நிக்கும். கொஞ்சம் விட்டுத் திருப்ப ஸ்டார்ட் ஆகும், திருப்ப நிக்கும். ஆக்கள் பிளக்கைக் கழட்டுவினம், காபரேற்றரைக் கழட்டுவினம். முதல் மூடியைத் திறவுங்கோ. உஸ் எண்டு காத்து உள்ள இழுத்தால் பிழை அங்கதான். ஊசியால குத்தி எடுத்துவிட்டால் சரி.

---

நெடுங்கேணி_சுருள்

ரண்டாவது கேள்வி மிச்சமா நிக்குது.

டக்காரில இண்டைக்கும் ஜிபிஎஸ் வழி காட்டாது. குறிச்ச புள்ளிக்குக் கிட்டப் போனால் அந்தப் புள்ளி திறக்கும், நீங்கள் அதால போனீங்கள் எண்டு பதியும், அவ்வளவுதான். வழி சொல்லுறது றோட்புக். கனகாலமா அது ஒரு கடதாசிச் சுருள், ஹாண்டிலில ஒரு பெட்டிக்குள்ள மோட்டரில சுத்தும். முதல் நாள் இரவு கையில குடுப்பினம், ஓட்டக்காரர் நிறப் பேனையால குறி போடுவினம், ஆபத்துக்குச் சிவப்பு, திசை மாறுற இடத்துக்கு வேற நிறம். 2020 க்குப் பிறகு பல கட்டங்களுக்கு நிறம் போட்ட சுருளைக் காலையில வெளிக்கிடுற நேரம்தான் குடுத்தவை. காசுள்ள அணியள் இரவில வரைபடம் பார்க்க ஆள் வைச்சிருந்ததை நிப்பாட்டத்தான். நல்ல முடிவு. இப்ப மின்திரையும் வந்திட்டுது.

சுருளில மூண்டு நிரல். இடப்பக்கம் தூரம்: மொத்தமும், முந்தின குறியில இருந்து எவ்வளவு எண்டதும். நடுவில படம்: நீங்கள் வாற பக்கம் ஒரு குண்டுப் புள்ளி, போற பக்கம் அம்புக்குறி. வலப்பக்கம் குறிப்பு. ஆபத்துக்கு ஒண்டு, ரண்டு, மூண்டு ஆச்சரியக்குறி. மூண்டு எண்டால் நிக்கிற அளவுக்கு வேகத்தைக் குறை.

நீங்கள் செய்யேக்க, பாதையை ஒரே ஆள் ஒரே வண்டியில ஓடி அளக்கவேணும். அதுக்கு முதல் அந்த வண்டியின்ர மீற்றரைச் சரிபாருங்கோ. ஏ9 கரையில இருக்கிற கிலோமீற்றர்க் கல்லுகளில பத்துக் கிமீ ஓடுங்கோ. மீற்றர் 10.3 காட்டினால் வாற ஒவ்வொரு தூரத்தையும் 1.03 ஆல பிரிச்சு எழுதவேணும். ஓட்டக்காரரின்ர மீற்றரும் ஆளுக்கு ஆள் வித்தியாசம், அதால 15 கிமீக்கு ஒருக்கா அசையாத அடையாளம் ஒண்டில திருத்திக்கொள்ளச் சொல்லுங்கோ. வாய்க்கால் கதவு, குளத்து அணைக்கட்டுத் தொங்கல், சந்திக் கோயில் நல்லம். மரம், கடைப் பலகை வேண்டாம். சுருளுக்கு கடைப் பில் கடதாசி காணாது, ஏ4 தாளை நீளப்பாட்டில ரண்டா வெட்டி ஒட்டுங்கோ. கீழயும் மேலயும் பேனைக்குழாய் ரண்டு, முன்னுக்குத் தெளிஞ்ச பிளாஸ்ரிக். கையால சுத்தலாம். வியர்வை பட்டால் மை கரையும், பென்சிலோ பிரின்ரோ நல்லம்.

ஒராளுக்கு ஒராள் ரண்டு நிமிசம் விட்டு விடுங்கோ. காத்தில்லாத காலையில புழுதி றோட்டுக்கு மேலயே தொங்கிக்கொண்டு நிக்கும், ரண்டு நிமிசமும் சிலநேரம் காணாது. டக்காரில முன்னுக்குப் போறவருக்குப் புழுதி இல்லை, ஆனா பார்த்துப் போகச் சுவடும் இல்லை, அதால வழி தேடி நேரம் போகும். பின்னுக்கு வாறவை சுவட்டைப் பிடிச்சு ஓடிப்போடுவினம். அதைச் சமப்படுத்த இப்ப பாதை திறக்கிறவைக்குப் போனஸ் வினாடி குடுக்கினம். நீங்களும் முதல் மூண்டு பேருக்கு ஏதும் விட்டுக் குடுக்கலாம்.

கடைசியா, இதுதான் முக்கியம். டக்காரில வழி தவறினால் பாலைவனத்துக்குள்ளால குறுக்க வெட்டி வருவினம். எங்கட ஊரில அதைச் சொல்லிக் குடுக்கவே கூடாது. 1996 ஓட்டத்தில மொரோக்கோவில ஒரு லொறிச் சாரதி கண்ணிவெடியில இறந்தவர். வன்னியில வெடிபொருள் அகற்றி முடியாத துண்டுகள் இன்னும் இருக்கு. மண்டையோட்டுப் பலகையும் சிவப்புக் குறியும் நிக்கிற பக்கம் ஒரு அடி கூட இறங்க வேண்டாம். பலகை விழுந்தும் இருக்கலாம். அதால ஆக்கள் நாளாந்தம் போய்வாற பாதையை மட்டும் சுருளில போடுங்கோ. பாதை தெரிவு செய்யமுதல் கிராம சேவையாளரிட்டயும், அங்க வேலை செய்யிற கண்ணிவெடி அகற்றும் ஆக்களிட்டயும் கேளுங்கோ. விதியின்ர முதல் வரி: சுருளும் றோட்டும் பொருந்தேல்ல எண்டால், வந்த சில்லுத் தடத்திலயே திரும்பிக் கடைசிச் சரியான குறிக்கு வாங்கோ. நேரத்தண்டனை இல்லை.

---

பரந்தன்_சந்தி

அந்த வரியைச் சுருளின்ர ஒவ்வொரு தாளின்ர தலையிலயும் சிவப்பில அடிக்கிறன். பலகையில 1999 ஐயும் 2011 ஐயும் பிரிச்சு எழுதுறன். எக்ஸ்ரி 500 இன்ர யன்னல் குறியைப் படமாக் கீற ஒரு தம்பி இருக்கிறான். சுருளின்ர முதல் 15 கிமீ அளந்து முடிய இங்க போடுறன், பிழை இருந்தால் சொல்லுங்கோ.